பழைய வால்வுக்குள் புதிய வால்வு: கால் வழியே வைக்கலாமா?



போன பங்குனி மாதத்தில் ஒருநாள், அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்த கையோடு, கீழ்க்கணக்கில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி எமது நலன்புரி அலுவலகத்துக்கு வந்தார். இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. கையில் போன்.

"ஐயா, எங்கம்மாவுக்கு மறுபடியும் மூச்சு எளைக்குது. முன்ன வச்ச வால்வு பழுதாப் போச்சாம். நெஞ்சை இன்னொரு தடவை வெட்டாம, கால் வழியா புது வால்வு வைக்கலாம்னு போன்ல காட்டுறாங்க. நெசமாங்களா?"

அவருடைய தாயார் இருப்பது மட்டக்களப்பு வாவிக்கரையில். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின்னர் மலையை விட்டு இறங்கி அந்தப் பக்கம் குடியேறிய குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. மகள் கலியாணம் முடித்து மறுபடி மலைக்கே வந்தவர். பதுளையிலிருந்து பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் வீதியின் அந்தக் கோடியில் எம்மவர் பலருக்கும் இப்படிச் சொந்தபந்தம் உண்டு. எமக்கும் உண்டு. ஆகவே சித்திரைப் புதுவருட லீவில் நாமும் அவரோடு போய்ப் பார்த்தோம். அங்கே கண்டதையும், வைத்தியர்கள் எடுத்துச் சொன்னதையும் எல்லோரும் அறிய வேண்டும் என்றே இதை எழுதுகிறோம். ஏனென்றால் எமது தோட்டங்களிலும் வால்வு மாற்றிய ஆட்கள் இருக்கிறார்கள்.

முகத்துவாரம் அடைபட்டால்

அந்த அம்மாவுக்கு வயது 66. வேலியோரம் ஒரு கதிரையில் வாவியைப் பார்த்தபடி இருந்தார். அரை வாளி தண்ணீர் தூக்கினாலே இளைப்பு. "ஏலாது மனே, ராவையில படுத்தா மூச்சடைக்குது. குந்திக்கிட்டேதான் விடிய வைக்கிறன்" என்றார். மலைப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் கலந்த பேச்சு அவருடையது.

அவருடைய வருத்தத்தை விளங்கிக்கொள்ள அந்த வாவியையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். மாரி மழையில் வாவி நிறைகிறது. நிறைந்த தண்ணீர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அடைத்துவிட்டால் என்ன நடக்கும்? தண்ணீர் பின்னால் தேங்கி வயலுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் ஏறும். அதனால்தான் வெள்ள காலத்தில் முகத்துவாரத்தை வெட்டிவிடுகிறார்கள்.

எமது இருதயமும் அப்படித்தான். உடம்பு முழுவதற்கும் இரத்தம் புறப்படும் பெரிய வாசலில் ஒரு வால்வு இருக்கிறது. அதற்குப் பெயர் பெருநாடி வால்வு. மூன்று சிறு இதழ்கள் சேர்ந்த கதவு அது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் தடவை திறந்து மூடுகிறது. அந்தக் கதவு தடித்துச் சுருங்கினால் இரத்தம் முன்னால் போக இடமில்லாமல் பின்னால் தேங்கும். நுரையீரலில் நீர் கோக்கும். மூச்சு வாங்குவது அதனால்தான். மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்தால் தலைசுற்றும், மயக்கம் வரும். நெஞ்சிலும் நோவு வரும். கதவு சரியாக மூடாமல் ஒழுகினாலும் இருதயம் களைத்துப்போகும்.

இந்த அம்மாவுக்கு 2011 ஆம் ஆண்டிலேயே கொழும்பில் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றியிருந்தார்கள். இப்போது பழுதானது அந்த மாற்று வால்வுதான்.

மாற்று வால்வு இரண்டு வகை

இதை எல்லோரும் கவனமாக வாசிக்க வேண்டும். மற்றதெல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது.

ஒன்று உலோக வால்வு. 1960 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டொக்டர் அல்பேட் ஸ்டார், எஞ்சினியர் லொவெல் எட்வேர்ட்ஸ் ஆகிய இருவரும் செய்த பந்து வால்வு இதன் முன்னோடிகளில் ஒன்று. எமக்குப் பக்கத்து இந்தியாவில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையத்தில் டொக்டர் வலியத்தான் தலைமையில் ஒரு வால்வு உருவாக்கப்பட்டு, 1990 டிசம்பர் 6 ஆம் திகதி முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைக்கப்பட்டது. அதுதான் சித்திரா வால்வு. உலோக வால்வு பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் அதில் இரத்தம் கட்டியாகாமல் இருக்க, ஆயுள் முழுக்க வோர்பரின் மாத்திரை போட வேண்டும், ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

மற்றது திசு வால்வு. மாட்டின் இருதய உறையிலோ பன்றியின் வால்விலோ பதப்படுத்திச் செய்வது. இதற்கு ஆயுள் முழுக்க வோர்பரின் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் இது தேயும். பொதுவாக 10 முதல் 15 வருடம் உழைக்கும் என்பார்கள். இளம் வயதினருக்கு இன்னும் சீக்கிரம் பழுதாகலாம்.

அந்த அம்மாவுக்கு வைத்தது திசு வால்வு. பதினான்கு, பதினைந்து வருடம் உழைத்திருக்கிறது. ஆகவே அது பழுதானதற்கு யாருடைய குற்றமும் காரணமில்லை. அதன் காலம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

மறுபடி வெட்டுவது ஏன் கஷ்டம்?

முதல் தடவை நெஞ்செலும்பைப் பிளந்து திறந்தபோது ஏற்பட்ட காயம் ஆறும்போது, இருதயம் எலும்போடு தழும்பாக ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் தடவை திறக்கும்போது அந்த ஒட்டைப் பிரித்துத்தான் உள்ளே போக வேண்டும். இரத்தப்போக்குக்கு இடமுண்டு. வயது போனவர்களுக்கும், சிறுநீரகம், நுரையீரல் பழுதானவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூட. அதற்காக மறுபடி திறக்கவே கூடாது என்று நினைக்க வேண்டாம். வயது குறைந்து, உடம்பு தாங்கக்கூடியவர்களுக்கு இரண்டாவது சத்திர சிகிச்சையே நல்ல வழியாக இருக்கலாம். அதனால் நல்ல பலன் கண்டவர்கள் பலர் உண்டு.

கால் வழியே எப்படி வைக்கிறார்கள்?

2002 ஏப்ரல் 16 ஆம் திகதி பிரான்ஸ் நாட்டின் ரூவான் நகரில் டொக்டர் அலன் கிரிபியே இதை முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செய்தார். அந்த நோயாளிக்கு வயது 57. நெஞ்சைத் திறந்தால் தாங்கமாட்டார் என்று சத்திர சிகிச்சை நிபுணர்கள் கைவிட்ட நிலையில் இருந்தவர். அதற்குப் பின்னர் உலகெங்கும் இலட்சக்கணக்கானோருக்கு இது செய்யப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே வைத்த திசு வால்வு பழுதானால் அதற்குள்ளேயே இப்படி இன்னொரு வால்வை வைக்கலாம் என்பது 2007 ஆம் ஆண்டளவில் வைத்திய உலகில் அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலும் இத்தகைய வால்வுகள் தயாராகின்றன. குஜராத் மாநிலத்தின் வாப்பி நகரில் உள்ள மெரில் கம்பனியின் மைவால் என்ற வால்வுக்கு 2018 இல் அந்த நாட்டில் அனுமதி கிடைத்தது.

செய்யும் முறை இதுதான். தொடை இடுக்கில் உள்ள இரத்தக் குழாயில் சிறு துவாரமிட்டு, அதன் வழியே ஒரு மெல்லிய குழாயை இருதயம் வரைக்கும் அனுப்புகிறார்கள். இந்தக் குழாய்க்குக் கதீட்டர் என்று பெயர். புதிய வால்வு பென்சில் பருமனுக்குச் சுருக்கி மடிக்கப்பட்டு அதன் நுனியில் இருக்கும். எக்ஸ்ரே படத்தில் பார்த்தபடியே அதைப் பழைய வால்வுக்குள் கொண்டுபோய் நிறுத்தி, பலூனை ஊதி விரிப்பார்கள். தானாகவே விரியும் வகையும் உண்டு. விரிந்ததும் பழைய இதழ்கள் ஓரமாக ஒதுங்கும். புதிய இதழ்கள் வேலை தொடங்கும். பழைய வால்வைக் கழற்றி எடுப்பதில்லை. பழைய கதவு நிலையைப் பெயர்க்காமல், அதற்குள்ளேயே இன்னொரு நிலையை இறுக்கிக் கதவு போடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக நடந்தால் நோயாளி சில நாளிலேயே வீட்டுக்குப் போகலாம்.

கேட்க லேசாகத்தான் இருக்கிறது. ஆனால் இதிலும் பயம் உண்டு. அதை மறைத்து எழுதினால் நாம் உங்களுக்குத் துரோகம் செய்தவர்கள் ஆவோம்.

கவனிக்க வேண்டிய ஐந்து விஷயங்கள்

1. உலோக வால்வுக்குள் இப்படி வைக்க முடியாது. அதன் தட்டு உலோகச் சட்டத்தில் பொருந்தியது, ஓரமாக ஒதுங்காது. உலோக வால்வு பழுதானால் வேறு வைத்தியம்தான்.

2. பழைய வால்வு மிகச் சிறியதாக இருந்தால் பிரச்சினை. நிலைக்குள் நிலை வைத்தால் வாசல் ஒடுங்குமல்லவா? 19, 21 என்ற இலக்கமுள்ள சிறிய வால்வுகளில் இந்தக் கஷ்டம் கூட.

3. இருதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் இரண்டு சிறு குழாய்களின் வாய், அந்த வாசலுக்கு மிக அருகில் இருக்கிறது. ஒதுங்கும் பழைய இதழ் அந்த வாயை மூடிவிட்டால் உயிராபத்து. நூற்றில் இரண்டு பேரளவில் இது நடந்ததாக முன்னைய கணக்கு ஒன்று சொல்கிறது. அதனால்தான் முன்கூட்டியே சீ.ரீ. ஸ்கேன் எடுத்து அளவு பார்க்கிறார்கள். அதற்கு ஏற்றும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். ஆகவே சிறுநீரக வருத்தமோ சீனி வருத்தமோ இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

4. வால்வில் கிருமி பிடித்திருக்கும்போது இதைச் செய்ய மாட்டார்கள். வால்வுக்கு வெளியே, தையல் ஓரமாக ஒழுகினாலும் உள்ளே புது வால்வு வைத்துப் பயனில்லை.

5. பக்கவாதம், காலில் இரத்தக் குழாய்க் காயம், சிலருக்குப் பேஸ்மேக்கர் தேவைப்படுவது ஆகியவையும் நடக்கலாம்.

2014 ஆம் ஆண்டில் வெளியான ஒரு பெரிய கணக்கை வைத்தியர் எமக்குச் சொன்னார். பல நாடுகளின் 55 வைத்தியசாலைகளில், பழைய திசு வால்வுக்குள் புதிய வால்வு வைத்த 459 பேரைப் பற்றியது அது. பெரும்பாலும் வயது போனவர்கள். மறுபடி நெஞ்சைத் திறந்தால் ஆபத்து கூடியவர்கள். அவர்களில் 35 பேர் ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார்கள். ஒரு வருடம் கழித்து நூற்றுக்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள். அதற்குப் பிறகு கைப்பழக்கமும் கருவிகளும் மேம்பட்டிருக்கின்றன. என்றாலும் இது ஊசி போடுவது போன்ற காரியமல்ல.

ஆர்னோல்ட் கதை

ஹொலிவூட் நடிகர் ஆர்னோல்ட் சுவார்ஸ்நேகரை எமது பிள்ளைகளும் அறிவார்கள். 2014 இல் சென்னைக்கு வந்து 'ஐ' படப் பாட்டு வெளியீட்டு விழாவில் கலந்துகொண்டவர். மலை போல உடம்புள்ள அந்த மனிதருக்குப் பிறவியிலேயே வால்வுக் கோளாறு. 1997 இல் நெஞ்சைத் திறந்து சத்திர சிகிச்சை செய்தார்கள். 2018 மார்ச் மாதம், அப்போது மாற்றிய வால்வை, நெஞ்சை வெட்டாமல் கதீட்டர் வழியாக மாற்ற முனைந்தார்கள். அவருடையது நுரையீரலுக்குப் போகும் வாசலில் உள்ள வால்வு. ஆனாலும் முறை ஒன்றுதான். இடையில் சிக்கல் ஏற்பட்டு, உடனேயே நெஞ்சைத் திறக்க வேண்டியதாயிற்று. சத்திர சிகிச்சைக் குழு முன்கூட்டியே ஆயத்தமாக நின்றதால் உயிர் தப்பினார். 2020 இல் பெருநாடி வால்வையும் மாற்றிக்கொண்டு இன்னும் நடமாடுகிறார்.

இதில் எமக்கு என்ன பாடம்? கால் வழியே செய்வதானாலும், நெஞ்சைத் திறக்கத் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே ஆயத்தமாக இருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும். இருதய வைத்தியர், சத்திர சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து வைத்தியர் எல்லோரும் கூடிப் பேசித்தான் யாருக்கு எது சரி என்று முடிவெடுப்பார்கள். போனில் பார்த்துவிட்டு நாமே தீர்மானிக்கும் விஷயம் இதுவல்ல.

பிஸ்கட் டின்னுக்குள் இருந்த அட்டை

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்கு அந்த அம்மாவோடு போனபோது வைத்தியர் முதலில் கேட்ட கேள்வி: "முன்னர் வைத்த வால்வு அட்டை இருக்கிறதா?"

வால்வு மாற்றும்போது ஒரு சிறு அட்டை தருவார்கள். எந்தக் கம்பனி வால்வு, எந்த வகை, எத்தனையாம் இலக்கம், எந்தத் திகதியில் வைத்தது என்றெல்லாம் அதில் இருக்கும். கால் வழியே வைக்கலாமா என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த அட்டையில்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் பழைய பைல்களைத் தேடி அலைய வேண்டும்; மாதக்கணக்கில் தாமதமாகலாம். மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்த மாதங்கள் பெரிய விலை.

அம்மா அதை ஒரு பிஸ்கட் டின்னில், பொலித்தீனில் சுற்றி, அடையாள அட்டையோடும் பேரப்பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடும் வைத்திருந்தார். 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது வீட்டுத் தஸ்தாவேஜுகள் எல்லாம் போன அனுபவம் அவருக்கு. அன்றிலிருந்து அந்த டின் தலைமாட்டில்தான். மலையில் இருக்கும் எமக்கும் இது புதிதல்ல. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயன்களோடு சேர்ந்து அங்கிருந்த கடதாசிகளும் மண்ணுக்குள் போயின.

அட்டையைப் பார்த்ததும் வைத்தியர் சொன்னார்: "திசு வால்வு, 23 இலக்கம். யோசிக்கலாம்." கொழும்புக்குக் கடிதம் கொடுத்தார்.

மேற்கணக்கில் நடந்தது

இதே கதை எமது மேற்கணக்கில் வேறு மாதிரி நடந்தது. உலோக வால்வு வைத்த ஒரு அண்ணன், "இப்ப கால் வழியா புது வால்வு வைக்கிறாங்களாம், நானும் அதுக்குப் போகப்போறேன்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வோர்பரின் மாத்திரையை 12 நாள் நிறுத்திவிட்டார். அவருடைய மனைவி பிள்ளை மடுவத்தில் கதையோடு கதையாகச் சொன்னபோதுதான் எமக்குத் தெரியவந்தது. உடனே வாகனம் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நல்லகாலம், வால்வில் இரத்தம் கட்டியாகவில்லை. கட்டியாகியிருந்தால் வால்வு இறுகியிருக்கும். அல்லது கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வந்திருக்கும். ஒருவருக்குப் பொருந்தும் வைத்தியம் இன்னொருவருக்குப் பொருந்தாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நாம் செய்ய வேண்டியவை

வால்வு மாற்றியவர்கள் உள்ள வீட்டார் தயவுசெய்து இவற்றைக் கவனியுங்கள்.

வால்வு அட்டையைத் தேடி எடுங்கள். இரண்டு போட்டோ பிரதி எடுத்து, ஒன்றைக் கிளினிக் கொப்பியோடு வையுங்கள். ஒன்றை எமது அலுவலகத்தில் தாருங்கள். போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். அட்டை தொலைந்திருந்தால், சுகமாக இருக்கும்போதே சத்திர சிகிச்சை செய்த இடத்தில் விசாரித்து விபரத்தை எழுதி வாங்குங்கள்.

திசு வால்வு வைத்தவர்கள் "சுகமாத்தானே இருக்கேன்" என்று கிளினிக்கை விடக்கூடாது. வால்வு தேய்வது எக்கோ பரிசோதனையில் முன்கூட்டியே தெரியும். மேட்டில் ஏறும்போது முன்னைவிட இளைப்பு, மயக்கம், நெஞ்சு நோவு, கால் வீக்கம், இரவில் படுக்க முடியாமை எதுவானாலும் அடுத்த கிளினிக் வரைக்கும் காத்திராதீர்கள். திடீரென்று மூச்சு முட்டினால் 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அழையுங்கள்.

காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால் வால்வு வைத்திருப்பதைச் சொல்லி இரத்தப் பரிசோதனை கேளுங்கள். கண்டபடி அன்ரிபயோட்டிக் வாங்கிப் போடாதீர்கள். பல் பிடுங்கப் போகும்போதும் முதலில் வால்வு பற்றிச் சொல்லுங்கள். சொத்தைப் பல்லில் உள்ள கிருமி வால்வுக்குப் போகக்கூடும். வெற்றிலை போடுகிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும்.

வோர்பரினையோ வேறு மாத்திரையையோ வைத்தியர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.

இனிமேல் வால்வு மாற்றப் போகிறவர்கள், குறிப்பாக இளம் வயதினர், சத்திர சிகிச்சைக்கு முன்னரே வைத்தியரிடம் கேளுங்கள்: "இது எந்த வகை? எத்தனை வருடம் உழைக்கும்? பிறகு பழுதானால் என்ன வழி?" பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் அதையும் சொல்ல வேண்டும். வோர்பரின் கர்ப்பத்திலுள்ள பிள்ளையைப் பாதிக்கலாம். இதைக் கேட்க வெட்கமோ பயமோ வேண்டாம். நம்முடைய உடம்பு, நம்முடைய கேள்வி.

செலவு பற்றியும் உள்ளதைச் சொல்கிறோம். கால் வழியே வைக்கும் வால்வின் விலை மட்டுமே எமது காசில் பல பத்து இலட்சம் ரூபாய். நாட்கூலியில் சேர்த்து முடிகிற காரியமல்ல. ஜனாதிபதி நிதியத்தின் வைத்திய உதவிக்கு 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். வைத்தியரின் கடிதம், கிராம உத்தியோகத்தர் சான்று முதலியவை தேவைப்படும். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் எமது அலுவலகத்துக்கு வாருங்கள். இருந்து நிரப்பித் தருகிறோம். தரகர் எவருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

இதை எழுதும்போது அந்த அம்மாவுக்குக் கொழும்பில் சீ.ரீ. ஸ்கேன் எடுத்தாயிற்று. சிறு குழாய்களின் வாய்க்கும் வால்வுக்கும் இடையில் போதிய இடம் இருக்கிறது, கால் வழியே செய்யலாம் என்று வைத்தியக் குழு சொல்லியிருக்கிறது. உதவிக்கான விண்ணப்பமும் கொடுத்தாயிற்று. இன்னும் நாள் குறிக்கவில்லை. மகள் வாரத்தில் ஒருநாள் எமது அலுவலகத்துக்கு வந்து, "கடிதம் ஏதும் வந்துச்சுங்களா ஐயா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

வந்ததும் அடுத்த இதழில் அறியத் தருவோம். அதற்கிடையில், இன்றைக்கு ராத்திரியே உங்கள் வீட்டு டின்னைத் திறந்து அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.